அடுத்த அறையில் எடுத்த சீட்டு

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதவில் காதை வைத்துக் கேட்டேன்.

இதையே கொஞ்சம் நாகரிகமாக எழுத முடியுமா என்று பார்த்தேன். 'தற்செயலாகக் காதில் விழுந்தது' என்று எழுதி அடித்தேன். தற்செயலாக விழுவதற்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

இடம் அட்லாண்டிக் சிட்டி. 1984, ஆகஸ்ட். கடலைப் பார்த்த ஹோட்டலில் எங்களுக்கு ஓர் அறை, நாங்கள் குடியிருக்கும் எடிசனில் எதிர் வீட்டு ஜெயலீலா குடும்பத்துக்குப் பக்கத்து அறை. இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. சேர்ந்து வருகிற குடும்பங்கள் திறந்து வைத்துக்கொள்ளட்டும் என்று ஹோட்டல்காரன் வைத்தது. நாங்கள் மரியாதைப்பட்டவர்கள், இரண்டு பக்கமும் தாழ் போட்டுக்கொண்டோம். தாழ் போட்ட கதவு எவ்வளவு மெல்லியது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

2

முதல் வரி இன்னும் அமையவில்லை. எழுதிப் பார்த்தவை:

'சூதாட்ட நகரத்தின் வண்ண விளக்குகள் ஜெயலீலாவின் கண்களில்—'

(வேண்டாம். அவள் விளக்குகளைப் பார்க்கவே இல்லை.)

'கடலைக் கண்டதும் ஜெயலீலா அழுதுவிட்டாள்.'

(அழவில்லை. அழுதிருந்தால் கதை எழுதுகிற எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். செருப்பைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, முழங்கால் தண்ணீருக்குப் போய் நின்றாள். அவர் அந்தச் செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அரை மணி கையிலேயே வைத்திருந்தார்.)

'தேவநேசன் பிடிவாதக்காரர், ஆனால்—'

(இந்த 'ஆனால்' என்னைப் படுத்துகிறது. பிறகு வருகிறேன்.)

முதல் வரியை விடுங்கள். ஆட்களைச் சொல்கிறேன். ஜெயலீலா தூத்துக்குடிக்காரி. அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். கணவருக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தபோது சம்பளமில்லாத விடுப்பில் வந்தாள். விடுப்பை நீட்டி நீட்டி ஐந்து வருடம் ஆயிற்று, இனி நீட்ட இடமில்லை. தலைமையாசிரியை போன் போட்டுக் கறாராகச் சொல்லிவிட்டாள்: மாதக் கடைசிக்குள் வருகிறாயா இல்லையா என்று சொல்லு, இல்லையென்றால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். கணவர் தேவநேசன் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறார். அந்த மாதம்தான் அவர்களுக்கு கிரீன் கார்டு வந்திருந்தது. அவளுக்கு ஊருக்கே போய்விட வேண்டும். அவருக்கு இங்கேயே இருக்க வேண்டும். மகள் கிருபாராணிக்கு வயது ஏழு. நீச்சல்குளம் உள்ள இடம் எதுவானாலும் அவளுக்குச் சரி.

நான் ஷ்யாமளா. என் வீட்டுக்காரர் வாஞ்சிநாதன். இந்தக் கதையில் எங்களுக்கு வேலை இல்லை என்றுதான் ஆரம்பத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

சூதாடாதவர்களுக்குச் சூதாட்ட ஊரில் என்ன வேலை என்று எடிசனில் எல்லோரும் கேட்டார்கள். "அங்க போய் என்ன பண்ணப் போறேள், பஜனையா?" என்றாள் ஒருத்தி. அவள் பெயரைச் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ள மாட்டேன். (ஸ்வர்ணா.)

வேலைக்குக் குறைவே இல்லை. கடலை ஒட்டி மைல் கணக்கில் மரப்பலகை அடித்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதில் நடந்தோம். பிரம்பு நாற்காலியில் ஆளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகிற வண்டியில் கிருபாவை ஏற்றினோம். கண்ணாடிக்குள்ளே ஓர் இயந்திரம் ஜவ்வு மிட்டாயை இழுத்து மடித்து இழுத்து மடித்துக் காட்ட, அதைச் சலிக்காமல் வேடிக்கை பார்த்தோம். ஜெயலீலா ஹோட்டல் குளியலறையில் ரைஸ் குக்கரை வைத்து, புகை மணி அடித்துவிடுமோ என்று ஈரத்துண்டால் அதை மூடிக்கொண்டே சோறு பொங்கினாள். என் பங்குக்குப் புளியோதரை. மணலில் துண்டை விரித்துச் சாப்பிடும்போது ஒரு கடற்காகம் வந்து வாஞ்சிநாதன் கையிலிருந்த அப்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று.

"இந்த ஊர்ல நான் தோத்தது இதான்" என்றார்.

"இன்னும் நாளைக்கும் இருக்கோம், அவசரப்படாதேங்கோ" என்றேன். அவர் அடிக்கடி 'சும்மா லாபியில உக்காந்துண்டு வரேன்' என்று காணாமல் போய்க்கொண்டிருந்தார். அது வேறு கதை, எழுத மாட்டேன்.

சாப்பாட்டுக்கூடத்துக்குப் போக கேசினோவைத் தாண்டித்தான் போக வேண்டும். சிவப்புக் கம்பளத்தில் பிள்ளைகள் கால் வைக்கக் கூடாது, ஓரத்துப் பளிங்குப் பாதையில்தான் போகலாம். காவலாளி விரலைக் காட்டிக்கொண்டே இருப்பான். கிருபாவோடு தேவநேசனும் அந்தப் பாதையிலேயே போனார், கம்பளத்தின் நூல் ஒன்று பட்டால்கூடத் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சபைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல. ஜெயலீலாதான் ஒரு நிமிஷம் நின்றுவிட்டாள். இயந்திரங்களின் முன்னால் வரிசையாகக் கிழவிகள். காசு போட்டுப் போட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிருந்தது. கைப்பிடியை இழுத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். மறுபடி இழுப்பார்கள்.

"ஜெயிச்சா கூட எந்திரிக்க மாட்டேங்காங்க, பாத்தியளாக்கா? யாருக்கோ காத்திருக்க மாதிரில்லா இருக்கு."

4

கடல் இல்லாமல் இந்தக் கதை இல்லை. இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததே அவள்தான். "கேசினோ இருந்தா இருந்துட்டுப் போகட்டும், கடல் இருக்குல்லா" என்று தேவநேசனைச் சம்மதிக்க வைத்தாள்.

முதல்நாள் விடியும்போது என்னையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். சூரியன் தண்ணீரிலிருந்து வந்தது. "சரியான பக்கத்துல உதிக்குது அக்கா" என்றாள், யாரோ தெரிந்தவர் வந்து இறங்கியது போல. பிறகு கையை நீட்டி, "அந்தாப்பலதான் ஊரு" என்றாள்.

பின்னால் செருப்போடு நின்ற தேவநேசன் தொண்டையைச் செருமினார். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவர், தவறான தகவலைக் கேட்டால் தாங்காது. "நேரா போனா போர்ச்சுகல்."

"சரி, போர்ச்சுகல் வழியா போய்க்கிடுதேன். அவங்க நம்ம கடக்கரைக்கு வந்தாங்கல்லா. நாம திருப்பிப் போகக் கூடாதா?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு இந்தப் பகுதியை முடித்திருக்கலாம். ஆனால் அவர் கிருபாவை எழுப்பப் போன பிறகு, அலை வந்து வந்து புடவை கனத்துப்போய் நின்றவள், என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"அஞ்சு வருஷமா என்னைய யாரும் டீச்சர்னு கூப்பிடலைக்கா. கிருபா மாம்ங்கா. கடையில மேம்ங்கான். ரெண்டும் ஒண்ணு போலத்தான் கேக்கு."

எடிசனில் ஒரு தமிழ் டீச்சருக்கு என்ன வேலை இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். யோசித்தது தப்பு.

5

'தேவநேசன் பிடிவாதக்காரர், ஆனால்—'

வாசகர்களுக்கு வில்லன் இருந்தால் வசதி. நானும் அவரை அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். குடுமியைப் பிடிக்க எங்காவது ஒரு பிடி கிடைக்குமா என்று பார்த்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், என்னை 'மாமி' என்பார், அதுதான் எனக்கு அவர்மேல் இருக்கிற நிஜமான குறை. மற்றபடி, துணி மடிப்பார். மனைவிக்குக் குளிர் ஆகாது என்று குளிர்காலம் முழுவதும் காரை முதலில் தான் போய்ச் சூடாக்குவார். அவர் ஆய்வுக்கூடத்தில் ஏதோ ஒரு காய்ச்சலுக்கு மருந்து தேடுகிறார்கள், பாதியில் விட்டுவிட்டுப் போனால் ஊரில் அதைத் தொடர இடமில்லை. "அந்தக் காய்ச்சல் நம்ம ஊர்லதான் வருது, அதுக்கு மருந்து இங்கதான் தேட முடியுது, நான் என்ன செய்ய?" என்று ஒருநாள் எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து கேட்டார்.

இவரை எப்படி வில்லனாக்குவது? இரண்டு பேருக்கும் நியாயம் இருந்தால் கதைக்குக் கஷ்டம், அவர்களுக்கு அதைவிடக் கஷ்டம். அதனால்தான் சீட்டுப் போடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

6

மறுநாள் மதியம் மழை. வாஞ்சிநாதன் லாபியில் 'உட்கார்ந்துகொண்டிருந்தார்'. நான் நனைந்த புடவையை மாற்றிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் தேவநேசனின் குரல் திடீரென்று பேச்சிலிருந்து ஜெபத்துக்கு மாறிற்று. அந்த மாற்றம் சுவர் தாண்டியும் தெரியும்.

"ஆண்டவரே, எங்களுக்குள்ள தீராத காரியத்தை உம்ம கையில குடுக்கோம். நீர் காட்டுற வழியில சண்டையில்லாம நடக்க எங்களுக்குப் பெலன் தாரும்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டது இப்போதுதான்.

* ஒரு வார்த்தை இடையில். தமிழில் சீட்டு என்றால் ஆடுகிற சீட்டும் சீட்டுதான், மாதாமாதம் கட்டுகிற சீட்டும் சீட்டுதான், சாமி முன்னால் குலுக்கிப் போடுகிறதும் சீட்டுதான். எங்கள் வீட்டில் பிள்ளையார் முன்னால் போடுவோம். அவர்கள் வேதப்புத்தகத்தின் மேல் வைத்தார்கள். கீழே கேசினோவில் சீட்டைத் தொட்டால் பாவம், மேலே அறையில் சீட்டைத் தொட்டால் விசுவாசம். நடுவில் லிஃப்ட். கிண்டலாகத்தான் எழுதுகிறேன், ஆனால் நானும் கல்யாணத்துக்கு முன்னால் இப்படி ஒரு சீட்டில் வாஞ்சிநாதனை எடுத்தவள்தான்.

சீட்டை எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. எழுதினவர்கள் எடுக்கக் கூடாது. படிக்கத் தெரியாத குழந்தை எடுக்க வேண்டும். ஊரில் என்றால் அதற்குத் தெருவில் போய் மூன்று வயதுக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

"கிருபா, வா. இதுல ஒண்ணு எடு."

"விச் ஒன்?"

"எதுன்னாலும்."

"பட் வாட்ஸ் இட் ஃபார்?"

"எடும்மா. உனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

இதைச் சொன்னது ஜெயலீலா. தமிழ் டீச்சர். ஏழு வயது மகள். கதவுக்கு இந்தப் பக்கம் சிரிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை.

காகிதம் பிரிகிற சத்தம். தேவநேசன் படித்தார்:

"போய் வருவோம்."

"ஸ்தோத்திரம்" என்றாள் ஜெயலீலா. மறுபடி, இன்னும் மெதுவாக, "ஸ்தோத்திரம்." கட்டிலில் உட்கார்ந்த சத்தம். மூக்கை உறிஞ்சினாள். ஜெயித்துவிட்டாள், போய்விடுவாள்.

பிறகு தேவநேசன், நிஜமான சந்தோஷத்தோடு:

"ஆண்டவர் ரெண்டு பேருக்கும் ஏத்தாப்பல வழி காட்டியிருக்கார் ஜெயா. கிறிஸ்மஸுக்குப் போவோம். ஒரு மாசம் இருப்போம். எல்லாரையும் பாத்துட்டு வந்துரலாம்."

"வந்துரலாமா?"

"போய் வருவோம்னுதான எழுதியிருக்கு?"

7

இங்கே நான் ஒரு பத்தி எழுதி எடுத்துவிட்டேன். அவள் முகம் எப்படி மாறியது என்பதைப் பற்றி. கதவு வழியாக முகம் தெரியாது. குரல் மட்டும்தான்.

"அத்தான், நாம எங்கயும் கெளம்பும்போது என்ன சொல்லுவோம்? போயிட்டு வாரேம்போம். போறேன்னு யாராவது சொல்லுவாங்களா? எங்க வீட்டுல அப்படிச் சொன்னா வாயிலயே போடுவாங்க. சொல்லாம கொள்ளாம எந்திரிச்சுப் போறது சாவு வீட்லதான்."

"பேச்சுக்குச் சரி. இது ஆண்டவர் முன்னால எழுதுனது."

"ஆண்டவருக்குத் தமிழ் தெரியாதா?"

"தெரியும். அதான் வருவோம்னும் சொல்லியிருக்கார்."

"அது நான் சொன்னதுல்லா. நான் எழுதுனதுல்லா. இந்த ஊரை விட்டு ஊருக்கே போறதுக்குத்தான் அந்தச் சீட்டு, உங்களுக்கும் தெரியும். வெறுமன 'போவோம்'னு எழுத எனக்குக் கை வரல. அந்தப் 'போவோம்'ல கிருபாவும் சேர்த்திதான."

"நீ தமிழ் டீச்சர் ஜெயா. எழுதினா எழுதினதுதான அர்த்தம்?" இதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அவள்மேல் உள்ள மதிப்பினால்தான் சொன்னார். அதனால்தான் அது போய்த் தைத்தது.

கிருபாவின் குரல்: "ஆர் யூ கைஸ் ஃபைட்டிங்?"

"இல்லம்மா" என்றார் தேவநேசன். "கிராமர்."

பிறகு அவரே இறங்கி வந்தார், இதை நான் எழுதியே ஆக வேண்டும். "சரி. எனக்கும் மனசு கேக்கல. விளக்கமா எழுதி இன்னொரு தரம் போட்டுருவோம்."

"வேண்டாம்."

"ஏன்?"

"நமக்கு வேண்டியது வார வரைக்கும் திரும்பத் திரும்ப எடுத்தா, கீழ நிக்கிற பாட்டிமாருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் அத்தான்? ஒருக்கா கேட்டோம். பதில் வந்துட்டு."

பதில் வந்துவிட்டது. என்ன பதில் என்பதுதான் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

8

முடிவுகள். என்னிடம் சில இருக்கின்றன.

(அ) இரண்டு சீட்டிலும் ஒன்றையே எழுதி வைத்திருந்தாள். வாசகர்களில் பாதிப்பேர் இந்நேரம் இதைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. இன்னொரு சீட்டில் 'இருப்போம்' என்று ஒழுங்காக எழுதியிருந்தாள், அதைத் தேவநேசன் பிரித்துப் படித்ததும் கேட்டது.

(ஆ) தேவநேசன் வேலையை விடுகிறார். விமான நிலையத்தில் நாங்கள் எல்லோரும்— (அந்தக் காய்ச்சல் மருந்தை என்ன செய்வது?)

(இ) அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போகிறாள். தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறது, வராந்தாவில் நூறு பிள்ளைகள் 'வணக்கம் டீ—' (இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. முடித்தால் அதற்கப்புறம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எடிசனில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பதையும் எழுத வேண்டும்.)

(ஈ) அவள் இருந்துவிடுகிறாள்.

எனக்கு எது வேண்டும் என்று கேட்பீர்கள். (ஈ) தான். எதிர் வீட்டுக் கதவு திறக்கிற சத்தத்தில்தான் எனக்குக் காலை ஆரம்பிக்கிறது. அவள் காபிக் கோப்பையோடு வராந்தாவைத் தாண்டி வருவாள், எடிசனில் இருக்கிற அத்தனை பேரையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பிரித்து மேய்வோம். அவள் போனால் நான் வம்பை யாரிடம் பேசுவது, வாஞ்சிநாதனிடமா?

அதோடு இன்னொன்று. மீனம்பாக்கத்தில் மாலையும் கையுமாக நின்றபோது நானும் எல்லோரிடமும் 'போயிட்டு வரேன்' என்றுதான் சொன்னேன். ஒருத்தரையும் விடாமல் சொன்னேன். என் அம்மா விமான நிலைய கேட் கம்பி வரை வந்து, 'வரேன்னு சொல்லிட்டுப் போடி' என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த 'வரேன்' இன்னும் அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று என்னையே நான் கேட்டுக்கொண்டதில்லை. அடுத்தவர் வீட்டு வார்த்தைக்கு அர்த்தம் சொல்வது எனக்கு எப்போதும் சுலபம்.

9

கிளம்புகிற அன்று காலை. மழை விட்டிருந்தது. பலகை நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாஞ்சிநாதன் தள்ளி நின்று கடற்காகங்களை நம்பாமல் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். ஜெயலீலாவும் தேவநேசனும் மணலிலிருந்து படியேறி வந்தார்கள். இரண்டு பேரும் தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. சண்டை போட்டவர்கள் மாதிரியும் இல்லை. கிருபா இரண்டு பேர் கையையும் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"என்னடி, கேளேன்."

"போய் வருவோம்னா என்ன அர்த்தம்?"

நான் முகத்தை வெகுளியாக வைத்துக்கொண்டேன். "இதென்னடி கேள்வி, எங்க போய் வரேள்?"

"உங்களுக்குத் தெரியும்க்கா. நேத்து கதவுக்கு அந்தப் பக்கம் உங்க வளையல் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துது."

எடிசனில் என்னை இதுவரை யாரும் இப்படிப் பிடித்ததில்லை. தேவநேசன் பெருந்தன்மையாகக் கடலைப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"கோவம் இல்ல மாமி. நல்லதாப் போச்சுன்னுதான் நினைக்கோம். எல்லாத்தையும் கேட்டது நீங்க ஒருத்தங்கதான். ராத்திரி பூரா பேசிப் பாத்தோம். எங்க ரெண்டு பேருக்கும் அவங்கவங்க அர்த்தந்தான் தெரியுது. மூணாவது ஆள் ஒருத்தர் சொல்லட்டும். நீங்க என்ன சொன்னாலும் அதுபடி செய்யிறதுன்னு பேசிக்கிட்டோம்."

"நான் சொன்னா?"

"நீங்க சொன்னா" என்றாள் ஜெயலீலா. "இன்னைக்கு எடிசன் திரும்புனதும் ஸ்கூலுக்குப் போன் போடணும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் கண்ணில் 'இருக்கச் சொல்லுங்கள்' என்று இருந்தது. அவள் கண்ணில் என்ன இருந்தது என்று எழுதினால் நான் கட்சி சேர்ந்ததாக ஆகிவிடும்.

வாயைத் திறந்தேன்.

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்று எழுதப் போவதில்லை. எத்தனையோ காகிதம் கிழித்துவிட்டேன். ஒரு தடவை இலக்கணம் எழுதினேன், ஒரு தடவை என் அம்மாவைப் பற்றி எழுதினேன், ஒரு தடவை வெறுமனே 'இருடி' என்று எழுதினேன். ஒவ்வொன்றிலும் என் எதிர் வீட்டுக் கதவு வந்து நின்றுகொள்கிறது. எனக்கு இதில் ஆதாயம் உண்டு, நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

உங்களுக்கு இல்லை. நீங்கள் எடிசனில் இல்லை, அவர்கள் போனால் உங்கள் வராந்தா காலியாகாது, இருந்தால் உங்களுக்குக் காபிக்குத் துணை வரப் போவதில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், அதனால் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள். நீங்களும் ஒருமுறை யாரிடமாவது அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர்களாகத்தான் இருப்பீர்கள். அப்போது மனசில் என்ன வைத்துக்கொண்டு சொன்னீர்களோ, அதைச் சொன்னால் போதும்.

'அதுக்கு அர்த்தம் என்னன்னா ஜெயா,

(இந்த இடம் உங்களுக்கு.)

அவசரமில்லை, யோசித்தே சொல்லுங்கள். அவள் உங்களை விரட்டவில்லை. புடவை ஓரத்திலிருந்து மணல் உதிர, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், விடை தெரிந்த பிள்ளை தானாக எழுந்து நிற்கட்டும் என்று வகுப்பில் காத்திருக்கிற டீச்சரைப் போல.